படம் நின்றால் எங்கே பார்ப்பது? சகாக்கள் வழி நேரலைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

முகூர்த்தம் காலை 9.42. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய மண்டபம் ஒன்றில் கெட்டிமேளம் முழங்கியபோது கனடாவின் ஸ்காபரோவில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம். மணமகளின் பெரியம்மா அங்கே பட்டுச்சேலை உடுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், படம் உறைந்தது. மறுபடி ஓடத் தொடங்கியபோது மூன்று முடிச்சும் விழுந்து, அறுகரிசி போடத் தொடங்கியிருந்தார்கள்.

"தம்பி, உங்களுடைய இணைய இணைப்புச் சரியில்லை" என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார் என்பது குரலில் தெரிந்தது.

எங்கள் இணைப்புச் சரியாகத்தான் இருந்தது. அவருடையதும் அப்படியே. அன்றிரவு பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவருக்கு வேண்டியிருந்த இரண்டு விநாடி வீடியோத் துண்டு, மார்க்கம் நகரில் இருக்கும் அவருடைய மருமகனின் கணினியில் அந்த நேரத்தில் முழுதாக இருந்தது. பெரியம்மாவின் உலாவி அதைக் கேட்கவே இல்லை. பதினான்கு விநாடி கழித்துத் தேவைப்படப்போகிற வேறொரு துண்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

கோயில் திருவிழா, அரங்கேற்றம், கல்யாணம், செத்தவீடு என்று கொழும்பிலிருந்து வெளிநாட்டு உறவினர்களுக்கு நேரலை அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்வையாளர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று வீடியோவைக் கைமாற்றிக்கொள்ளும் முறையில் நீங்கள் அனுப்புகிறீர்கள் என்றால், வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை வேகத்தால் வருவதில்லை. எந்தத் துண்டை, யாரிடம், எப்போது கேட்பது என்ற முடிவு தவறுவதால் வருகின்றன.

ஒரு சொல்லை முதலில் தீர்த்துவிடுவோம். இத்துறையில் இப்படிப் பங்குபெறும் கணினியைப் பியர் என்பார்கள். "பியர் போதவில்லை, இன்னும் நாலு பியர் வேண்டும்" என்று மண்டபத்தில் நின்று நான் சத்தமாகச் சொன்னதை மணமகனின் தந்தை கேட்டுவிட்ட நாளிலிருந்து நாங்கள் சகா என்றே சொல்லிக்கொள்கிறோம். கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் நிரலை ஷெட்யூலர் என்றும், உலாவியில் வீடியோவை ஓட்டும் நிரலைப் பிளேயர் என்றும், ஒரு துண்டு அதற்கு வந்து சேர்ந்தாக வேண்டிய கடைசி நேரத்தைக் கெடு என்றும் சொல்கிறேன்.

எங்கள் அமைப்புச் சாதாரணமானது. மண்டபத்து மடிக்கணினி விநாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் வீடியோவைக் குறியாக்கி, இரண்டு விநாடித் துண்டுகளாகச் சிங்கப்பூரிலுள்ள வாடகைச் சேவையகத்துக்கு அனுப்புகிறது. பார்வையாளர்களின் உலாவிகள், வீடியோவைத் துண்டு துண்டாக இறக்கும் எச்எல்எஸ் முறையில் அங்கிருந்து எடுக்கின்றன. எடுத்ததை, உலாவிகளை நேரடியாக இணைக்கும் வெப்ஆர்டிசி தரவுக் கால்வாய் வழியே தமக்குள் பகிர்கின்றன. இந்தத் தொல்லைக்குள் ஏன் போனோம் என்றால், 2022தான் காரணம். மூன்று மணிநேர நிகழ்ச்சி ஒரு பார்வையாளருக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட். முந்நூறு பேர் பார்த்தால் 600 ஜிகாபைட். பில் டொலரில் வரும். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. வாடிக்கையாளர்களிடம் பேசியிருந்த தொகையோ பழைய ரூபாய்க் கணக்கு.

எதையும் திருத்துவதற்கு முன், ஒவ்வொரு பார்வையாளரின் உலாவியும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை நான்கு எண்களை உங்களுக்கு அனுப்பும்படி செய்யுங்கள்: கையிருப்பில் எத்தனை விநாடி வீடியோ இருக்கிறது, கெடு தாண்டி வந்த துண்டுகள் எத்தனை, இரண்டு முறை வந்தவை எத்தனை, சகாக்களிடமிருந்து வந்த பங்கு எவ்வளவு. இந்த நான்கும் இல்லாமல் பிழை தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிப்பதற்குச் சமம்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிற்கிறது

லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் ஒரே விநாடியில் நின்றால் ஷெட்யூலரைத் தொடாதீர்கள். மூலத்திலிருந்தே துண்டு வரவில்லை. ஆடிவேல் நாளில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு இரதத்தோடு நடந்தபடி கைத்தொலைபேசி இணைப்பில் அனுப்பினால் இது கட்டாயம் நடக்கும். கூட்டத்தில் எல்லோர் கையிலும் தொலைபேசி, எல்லோரும் ஒரே தொலைபேசிக் கோபுரத்தை நம்பியிருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகளோடு போங்கள், குறியாக்க வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். வழிமுறையின் மீதிப் பகுதி சிலருக்கு மட்டும் நிற்கும் நேரத்துக்கானது.

வேகச் சோதனை நன்றாக இருக்கிறது, படம் மட்டும் விட்டுவிட்டு நிற்கிறது

பெரியம்மாவுக்கு வந்த தொல்லை இதுதான். இதில் நான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன்.

அன்றைய பதிவேட்டின் ஒரு வரி இப்படி இருந்தது. பிளேயர் நிற்கும் இடம்: 1207. கையிலுள்ளவை: 1209, 1211, 1212. கேட்கப்பட்டவை: 1214, 1213. சேவையகத்தில் மிகப் புதிய துண்டு 1214. அதாவது, வாசலில் நிற்கும் 1207ஐ விட்டுவிட்டு, கடைசியாக வந்த 1214க்கு ஆள் அனுப்பியிருக்கிறது.

காரணம் ஷெட்யூலரில் இருந்த விதி: அரிதானது முதலில். 1207 எட்டுச் சகாக்களில் ஆறு பேரிடம் இருந்தது. ஆகவே அது "எப்போதும் கிடைக்கக்கூடியது" என்று வரிசையின் அடிக்குப் போய்விட்டது. 1214 ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அது முதலிடம் பிடித்தது. இந்த விதி 2001இல் வந்த பிட்டொரண்ட் என்ற கோப்புப் பகிரும் முறையிலிருந்து நமக்கு வந்தது. அங்கே அது சரியான விதி. முழுக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகுதான் ஒருவர் அதைத் திறப்பார். எந்தத் துண்டு முதலில் வந்தாலும் நட்டமில்லை, அரியவற்றை முந்திப் பிரதி எடுத்து வைத்தால் கூட்டம் பிழைக்கும். நேரலையில் மிக அரிய துண்டு எப்போதும் மிகப் புதிய துண்டுதான், ஏனென்றால் அது இப்போதுதான் பிறந்தது. ஆகவே அரிதானதை மட்டும் துரத்தும் பிளேயர் எப்போதும் வரிசையின் தலைமாட்டிலேயே நிற்கும். கால்மாட்டில் ஓட்டை விழுந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் எங்களில் ஒருவர் விதியை முழுதாகத் தலைகீழாக்கினார்: கெடு நெருங்கியது முதலில், வேறெதுவும் கணக்கில்லை. அடுத்த வாரம் பம்பலப்பிட்டியில் ஓர் அரங்கேற்றம். முதல் பத்து நிமிடம் அருமை. பிறகு சேவையகத்தின் சுமை ஏறத் தொடங்கி இறங்கவே இல்லை. எல்லோரும் ஒரே துண்டை ஒரே நேரத்தில் கேட்டார்கள். எல்லோரிடமும் ஒரே பழைய துண்டுகள் இருந்தன. ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க எதுவுமில்லை. பந்தியில் ஐம்பது பேரும் சாம்பார் வாளியைப் பார்த்தே கை நீட்டினால் பரிமாறுகிறவன் என்ன செய்வான்?

இப்போது நாங்கள் வைத்திருக்கும் முறை இது. பிளேயர் இனி ஓட்டப்போகும் துண்டுகளின் வரிசையை, அதாவது சாளரத்தை, இரண்டாகப் பிரியுங்கள். அடுத்த நான்கு விநாடி, அதாவது இரண்டு துண்டு, அவசரப் பகுதி. அங்கே கெடு மட்டும்தான் பேசும். சகாவால் நேரத்துக்குத் தர முடியாது என்று தோன்றினால் சேவையகத்திடமே போகலாம். அதற்கு அப்பால் உள்ளது நிதானப் பகுதி. அங்கே அரிதானது முதலில்; இரண்டு துண்டுகள் ஒரே அளவு அரிதாக இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குலுக்காமல் எண் வரிசைப்படி எடுத்தால் எல்லோரும் மறுபடி ஒரே துண்டில் போய் மோதுவார்கள்.

இதில் எங்கள் புத்திசாலித்தனம் எதுவுமில்லை. சகாக்கள் வழி நேரலை பற்றி 2005இல் வந்த கூல்ஸ்ட்ரீமிங் ஆய்விலேயே அடிப்படை இருக்கிறது. அவர்கள் வீடியோவை ஒரு விநாடித் துண்டுகளாக்கி, 120 துண்டுகள் கொண்ட நகரும் சாளரம் வைத்திருந்தார்கள். யாரிடம் எந்தத் துண்டு உண்டு, இல்லை என்பதை 120 பிட்டுகளில் எழுதிச் சகாக்கள் மாற்றிக்கொள்வார்கள். குறைந்த பேரிடம் உள்ள துண்டை முதலில் தேர்ந்து, அதைத் தரக்கூடியவர்களுள் வேகம் மிகுந்தவரும் கெடுவுக்குள் தர நேரம் உள்ளவருமான ஒருவரிடம் கேட்பார்கள். கடைசி நிபந்தனையைத்தான் நாங்கள் முதலில் கோட்டைவிட்டோம்.

அந்த நிபந்தனையை ஒரு கணக்காக எழுதிவிடலாம். ஒரு துண்டு 3 மெகாபிட். சகா விநாடிக்கு 2 மெகாபிட் தரக்கூடியவர் என்றால் ஒரு துண்டுக்கு ஒன்றரை விநாடி. அவரிடம் ஏற்கெனவே இரண்டு துண்டுகள் வரிசையில் நின்றால், நம்முடையது வந்து முடிய நாலரை விநாடி. கெடு நான்கு விநாடியில் என்றால் கேட்காதீர்கள். கேட்டால் அது பிந்தி வரும், அவருடைய தரவேற்றமும் வீணாகும். வேறொருவரைப் பாருங்கள், அல்லது துண்டை உடைத்துக் கேளுங்கள். 3 மெகாபிட் என்பது 375 கிலோபைட். 16 கிலோபைட் சில்லுகளாக உடைத்தால் 24 சில்லு வரும். எட்டை ஒருவரிடமும் எட்டை இன்னொருவரிடமும் மீதியை மூன்றாமவரிடமும் கேட்டால் மூவருமே மெதுவானவர்களாக இருந்தாலும் நேரத்துக்கு வந்துவிடும்.

சேவையகத்தின் பில் ஏறுகிறது, சகாக்களின் பங்கு இறங்குகிறது

முதலில் கூட்டல் கணக்கு. நாற்பது பேர் பார்க்கிறார்கள், ஆளுக்கு 1.5 என்றால் மொத்தத் தேவை 60 மெகாபிட். அவர்களில் 22 பேர் கைத்தொலைபேசியில், எதுவும் தரமாட்டார்கள். மீதி 18 பேர் சராசரியாக ஆளுக்கு 2 மெகாபிட் தந்தால் 36. மீதி 24ஐச் சேவையகம் தந்தே ஆக வேண்டும்; எந்த ஷெட்யூலரும் அதைப் பத்தாக்காது. ஆக, இந்தக் கூட்டத்தில் சகாக்களின் பங்கு அதிகபட்சம் நூற்றுக்கு அறுபது. உங்கள் திரையில் 50 காட்டினால் தேநீர் குடிக்கப் போகலாம். 20 காட்டினால் உட்காருங்கள்.

சேவையகத்தின் சுமைக் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை கூர்மையான முள் எழுந்து அடங்கினால், எல்லாப் பிளேயர்களும் ஒரே கணத்தில் பொறுமை இழக்கின்றன என்று பொருள். எல்லோரும் நேரலைக்கு ஒரே தூரம் பின்னால் இருப்பதால், ஒரு துண்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரப் பகுதிக்குள் நுழைகிறது. நாற்பது பேரும் சேவையகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அரை விநாடி பொறுத்திருந்தால் அவர்களில் முப்பது பேருக்குப் பக்கத்துச் சகாவிடமே கிடைத்திருக்கும்.

மூன்று காரியம் செய்தோம். சேவையகத்திடம் போவதற்கு முன் ஒவ்வொரு பிளேயரும் பூச்சியத்துக்கும் ஒன்றரை விநாடிக்கும் இடையில் தன் மனம்போன அளவு காத்திருக்கும். பார்வையாளர்கள் நேரலைக்குப் பின்னால் நிற்கும் தூரமும் ஆளுக்கு ஆள் 16 முதல் 24 விநாடி வரை வேறுபடும். முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவருக்குக் கொடுப்பார். மூன்றாவதாக, தரவேற்றம் நன்றாக உள்ள ஆறு பேரை முதல் கைகள் என்று வைத்தோம். துண்டின் எண்ணை ஆறால் வகுத்து வரும் மீதியைப் பார்த்து, அந்த இலக்கத்துக்கு உரியவர் மட்டும் புதிய துண்டைச் சேவையகத்திலிருந்து உடனே எடுப்பார். 1214 என்றால் மீதி 2, இரண்டாமவரின் முறை. மற்றவர்கள் அவரிடமிருந்து பரவி வரும்வரை காத்திருப்பார்கள்.

பின்னால் நிற்கும் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எச்எல்எஸ் விதிகளைச் சொல்லும் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8216, 2017இல் வந்தது. நேரலையின் முனையிலிருந்து மூன்று துண்டு நீளத்துக்கு உள்ளே பிளேயர் தொடங்கக் கூடாது என்பது அதன் அறிவுரை. இரண்டு விநாடித் துண்டுக்கு அது வெறும் ஆறு விநாடி. அதற்குள் சேவையகத்திலிருந்து முதல் கைக்குப் போய், "என்னிடம் உண்டு" என்ற அறிவிப்புப் பரவி, கோரிக்கை வந்து, துண்டு கைமாறி, அடுத்தவருக்குப் போக நேரமில்லை. இருபது விநாடி வையுங்கள். தாமதம் கூடாது என்று வாடிக்கையாளர்கள் சண்டை பிடிப்பார்கள். கிரிக்கெட் ஆட்டத்துக்கு அது நியாயமான சண்டை. கல்யாணத்தில் என்ன குறைந்துவிடும்? மண்டபத்திலிருந்து யாராவது தொலைபேசியில் "தாலி கட்டியாயிற்று" என்று முந்திச் சொல்லாமல் இருந்தால் போதும்.

வீடியோ 1.5 மெகாபிட், தரவு மானியோ 2.3 காட்டுகிறது

ஒரே சில்லு இரண்டு முறை வருகிறது. கைத்தொலைபேசியில் தரவுப் பொதி வாங்கிப் பார்க்கிறவருக்கு இது பணம்.

கோரிக்கைக்கு வைத்த காத்திருப்பு நேரம் குறுகியதாக இருக்கும். நாங்கள் வெள்ளவத்தையில் ஓர் அறைக்குள் ஐந்து மடிக்கணினிகளை வைத்துச் சோதித்தபோது 300 மில்லி விநாடி தாராளமாகத் தோன்றியது. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 140 மில்லி விநாடி, கேபிள் வளையாமல் போனால். கேபிள்கள் கடலுக்கடியில் ஊர்சுற்றித்தான் போகின்றன. அதன் மேல் சகாவின் வரிசை வேறு. 300 முடிந்ததும் பிளேயர் இன்னொருவரிடம் கேட்டது, பிறகு இருவரிடமிருந்தும் வந்தது.

ஒரே எண்ணை எல்லோருக்கும் வைக்காதீர்கள். ஒவ்வொரு சகாவுக்கும் பதில் வந்த நேரத்தை அளந்து, அதன் ஓடும் சராசரியோடு விலகலின் நான்கு மடங்கைக் கூட்டிக் காத்திருங்கள். இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் டிசிபி நெறிமுறைக்கு ஆர்எஃப்சி 6298 சொல்லும் அதே சூத்திரம். காத்திருப்பு முடிந்து வேறொருவரிடம் கேட்டால், முதலாமவருக்குக் "கைவிடு" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அந்தச் செய்தி பலிக்க வேண்டும் என்றால், தருகிறவர் தரவுக் கால்வாயில் ஒரேயடியாகக் கொட்டி வைத்திருக்கக் கூடாது. கால்வாய்க்குள் போய்விட்டதைத் திருப்பி எடுக்க முடியாது. 64 கிலோபைட்டுக்கு மேல் உள்ளே தேங்கவிடாமல், வடிய வடிய ஊற்றுங்கள்.

பிட்டொரண்டின் இறுதியாட்ட முறையை, அதாவது கடைசிச் சில்லுகளை எல்லோரிடமும் கேட்டுவிட்டு முதலில் வந்ததை வைத்துக்கொள்ளும் வித்தையை, யாராவது உங்கள் நிரலில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். கோப்புக்கு இறுதி ஒருமுறைதான் வரும். நேரலையில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை வரும்.

நல்ல இணைப்பு உள்ள ஒருவருக்கு மட்டும் நிற்கிறது

கேட்க விந்தையாக இருக்கும். என் மச்சான் வீட்டில் ஃபைபர் இணைப்பு, கம்பி வழியே கணினி, யாரும் குறை சொல்ல முடியாத வேகம். அவருக்குத்தான் படம் நின்றது. மற்ற எல்லோருடைய ஷெட்யூலர்களும் தனித்தனியே யோசித்து, ஆகச் சிறந்தவர் அவர்தான் என்ற ஒரே முடிவுக்கு வந்திருந்தன. பதினெட்டுப் பேர் அவரிடம் கேட்டார்கள். தரவேற்றப் பாதை நிரம்பி வழிந்தபோது அவர் அனுப்ப வேண்டிய கோரிக்கைகளும், பெற்றதற்கான ஒப்புகைகளும் அதே நெரிசலில் சிக்கின. ஊருக்கு அன்னதானம் கொடுத்தவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சிறந்தவரை எப்போதும் தேர்ந்தெடுக்காதீர்கள். இருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவர்களில் வரிசை குறைந்தவரிடம் கேளுங்கள். இவ்வளவு எளிய மாற்றம் நெரிசலை எவ்வளவு கலைக்கிறது என்பது நேரில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். அதற்கு, துண்டுப் பட்டியலோடு "என்னிடம் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்" என்ற எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு சகாவிடம் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கைக்கு மேல் வைக்கக் கூடாது. கொடுப்பவர் தன் தரவேற்றத்தில் முக்கால் பங்கை மட்டும் ஊருக்கு ஒதுக்க வேண்டும்.

கொடுத்தவனுக்கே கொடுப்பேன் என்ற பிட்டொரண்டின் பண்டமாற்று விதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். கல்யாணம் பார்க்க வந்த உறவினர்களில் யார் ஏமாற்றப்போகிறார்? தொலைபேசிக்காரர்களால் கொடுக்க இயலாது, அவ்வளவுதான்.

சகாக்கள் நிறைய, பரிமாற்றம் பூச்சியம்

பட்டியலில் முப்பது பேர் இருக்கிறார்கள், இணைப்பும் பச்சை நிறம் காட்டுகிறது, ஆனால் யாரும் யாருக்கும் எதுவும் தரவில்லை. தர அளவுகளைப் பாருங்கள். நான்கு தரங்களில் அனுப்பிக்கொண்டிருந்தால் உங்கள் கூட்டம் நான்கு சிறு கூட்டங்களாக உடைந்திருக்கும். 480 வரித் துண்டு 720 வரி பார்ப்பவருக்கு உதவாது. அதைவிட மோசம், படம் தடுமாறியதும் பிளேயர் தரத்தை மாற்றும், மாற்றியதும் பழைய சகாக்கள் உதவாமல் போவார்கள், ஆகவே இன்னும் தடுமாறும். இரண்டு தரம் போதும். மாற்றியபின் குறைந்தது அரை நிமிடம் அங்கேயே நிற்கச் செய்யுங்கள்.

கைத்தொலைபேசியில் ஒரு சகாவும் சேரவில்லை

தொலைபேசியின் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நிறுவனம் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இத்தகைய பல வலையமைப்புகளில், கணினிக்கு அதன் பொது முகவரியைச் சொல்லித் தரும் ஸ்டன் சேவையகம் மட்டும் வழி திறக்காது. நடுவில் நின்று தரவை வாங்கிக் கொடுக்கும் டர்ன் சேவையகம் திறக்கும், ஆனால் அதன் வழியே போகும் ஒவ்வொரு பைட்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். பிறகு சகாக்கள் எதற்கு? அவர்களை விட்டுவிடுங்கள். சேவையகத்திலிருந்தே எடுக்கட்டும். தரவுப் பொதியில் பார்க்கிறவரின் தரவேற்றத்தை அவர் அறியாமல் செலவழிப்பது எனக்கு உவப்பாகவும் இல்லை.

ஒரு பகுதி முழுவதும் ஒன்றாக விழுகிறது

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவித்திருந்தார்கள். பகுதிகளுக்கு எழுத்து வைத்து, எழுத்துப்படி நேரம் போட்டு வெட்டினார்கள். கொட்டாஞ்சேனையில் மின்சாரம் போன விநாடியில், மின்சாரம் இருந்த வீடுகளிலும் சில இடங்களில் படம் நின்றது. எங்கள் ஷெட்யூலர் பக்கத்திலிருப்பவரையே சகாவாகத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். பக்கத்திலிருப்பவரிடமிருந்து பதில் சீக்கிரம் வரும். ஆனால் பக்கத்திலிருப்பவர்கள் எல்லோரும் ஒரே எழுத்தில் இருந்தார்கள். ஒரு தெருவின் எல்லையில் இருந்தவருக்கு எட்டுச் சகாக்களும் ஒரே கணத்தில் மறைந்தார்கள்.

எட்டில் ஐந்தைப் பக்கத்தில் வையுங்கள், மூன்றை வேறு நாட்டில் வையுங்கள். பதில் வராத சகாவை நீக்க முப்பது விநாடி காத்திருக்காதீர்கள். இரண்டு கோரிக்கை தவறினால் ஓரங்கட்டிவிட்டு, மறுபடி பேசினால் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பும் நிமிடத்தையும் நினைவில் வையுங்கள். நூறு ரவுட்டர்கள் ஒன்றாக விழித்து, நூறு பேர் வெறுங்கையோடு வருவார்கள். அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள எதுவுமிராது.

புதிதாக வருகிறவருக்கும் இதே கதைதான், சிறிய அளவில். பத்துப் பதினைந்து விநாடி கறுப்புத் திரை என்று முறைப்பாடு வந்தால், அவருடைய முதல் இரண்டு துண்டுகளைக் கேள்வியே இல்லாமல் சேவையகத்திலிருந்து கொடுங்கள். கையில் ஏதாவது இருந்தால்தான் சந்தைக்குப் போகலாம்.

வேறு தாவலுக்குப் போனதும் கொடுப்பது நிற்கிறது

பின்னணித் தாவல்களின் நேரங்காட்டிகளைக் குரோம் விநாடிக்கு ஒருமுறையாகக் குறைத்துவிடும். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு விலக்கு உண்டு. ஒலியை நிறுத்திவிட்டு மின்னஞ்சல் பார்க்கப் போகிறவருக்கு இல்லை. நூறு மில்லி விநாடிக்கு ஒருமுறை விழித்துக் கோரிக்கை பார்க்கும்படி உங்கள் நிரலை எழுதியிருந்தால் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். நேரங்காட்டியை நம்பாமல், செய்தி வந்தவுடன் அதே இடத்தில் பதில் கொடுக்கும்படி மாற்றி எழுதுங்கள்.

மண்டபத்துக் கணினி மறுபடி தொடங்கியபின் பழைய பார்வையாளர்களுக்கு மட்டும் படம் வரவில்லை

இந்தப் பிழைக்கு ஓர் இரவு முழுவதும் கொடுத்தேன். மண்டபத்தில் யாரோ ஒரு சிறுவன் அலங்கார விளக்குக்கு இடம் தேடி எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். ஒரு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. புதிதாக இணைப்பைத் திறந்தவர்களுக்குப் படம் தெளிவாக ஓடியது. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் சக்கரம் சுற்றியது. சகாக்கள் இணைந்திருந்தார்கள், துண்டுகளும் இருந்தன, கோரிக்கை மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை.

பதிவேட்டில் இரண்டு வரியை அருகருகே வைத்தபோது தெரிந்தது. பிடுங்குவதற்கு முன் கடைசித் துண்டின் எண் 2961. பிறகு வந்த முதல் துண்டின் எண் 0. பழைய பிளேயர்களின் பார்வையில் 0, 1, 2 எல்லாம் ஒன்றரை மணிநேரத்துக்கு முன்பே கெடு முடிந்த துண்டுகள். கெடு முடிந்ததைக் கேட்காதே என்று அதற்கு நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். அது சொன்ன சொல் தவறாமல் 2962க்காகக் காத்திருந்தது.

வீடியோவைக் குறியாக்கித் துண்டாக்கும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் எச்எல்எஸ் தொடக்க எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் தெரிவு ஒன்று உண்டு. அதை ஈபொக் என்று வைத்தால், 1970இலிருந்து கடந்த விநாடிகளை வைத்துத் துண்டுகளுக்கு எண் இடத் தொடங்கும். கணினி எத்தனை முறை விழுந்து எழுந்தாலும் எண் பின்னால் போகாது. அதை மாற்றினோம். எண் ஐம்பதுக்கு மேல் தாவினால் பழைய பட்டியல்களைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்படி பிளேயரிலும் இரண்டு வரி சேர்த்தோம். மண்டபத்துப் பிளக்கின் மேல் இப்போது ஒட்டுநாடா சுற்றி, அதற்கு மேல் "தொட வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறோம்.